ஈ உட்காராத சுறா

மாயக்காளுக்குக் கருவாடு பார்க்கத் தெரியும் என்பதைக் கூடலூர் தெற்குத் தெருவில் யாரும் மறுத்ததில்லை. கம்பம் சந்தைக்குக் கிளம்புகிற பெண்கள் போகிற வழியில் அவள் வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவள் துண்டத்தைக் கையில் வாங்கி முதலில் விரலால் தட்டுவாள். காய்ந்த கட்டையைத் தட்டினாற்போல் ஓசை வர வேண்டும். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். வண்டு துளைத்திருந்தால் ஊசிக்கண் அளவுக்கு வெளிச்சம் தெரியும். கடைசியாகத் துண்டத்தைக் கூடை விளிம்பில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நிற்பாள். ஈ எவ்வளவு வருகிறது என்று பார்ப்பாள். ஈ அப்பிக்கொண்டால் உள்ளே ஈரம் நிற்கிறது, காய்ச்சல் போதவில்லை என்று வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவாள்.

பார்ப்பதோடு நிற்காது. கேட்கவும் வேண்டும் அவளுக்கு. எந்த ஊர் மீன், யார் உப்புப் போட்டது, மழையில் நனைந்ததா, வழியில் எங்கே இறக்கி வைத்தார்கள் என்று கடைக்காரி தலையில் கை வைக்கும்வரை கேட்பாள். அவள் புருஷன் கோட்டைச்சாமி, "இவளைப் பொண்ணு பாக்கப் போனப்ப நான் ரெண்டு கேள்வி கேட்டேன், இவ இருபது கேட்டா" என்று இன்றைக்கும் வயலில் சொல்லிச் சிரிப்பான்.

அந்த முறை சந்தைக்குப் போனது பால்சுறாவுக்காக. கோட்டைச்சாமியின் தங்கை முத்துப்பேச்சி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்குப் பால்தான் சரியாக இறங்கவில்லை. பசியில் அது கத்துகிற கத்தலில் தெருவில் யாரும் மத்தியானம் கண்ணயர முடியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, முதல் கவிச்சியாகப் பால்சுறாக் கருவாட்டை அவித்து உதிர்த்துப் பூண்டு தட்டிப் போட்டுக் கொடுத்தால் பால் சுரக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அதற்கான துண்டம் நல்லதாக இருக்க வேண்டும் என்று மாமியார் பொன்னாத்தாள் மருமகளைத்தான் அனுப்பினாள்.

சந்தையில் மொக்கம்மாளின் கடை எப்போதும் வேப்பமரத்தடியில் இருக்கும். மொக்கம்மாள் கம்பத்துக்காரி, கணீரென்ற குரல். வியாபாரம் முடியும்வரை வலது கை வேப்பங்குழையை வீசி ஈ விரட்டிக்கொண்டே இருக்கும், இடது கை எடை போடும். அன்றைக்கு வேப்பங்குழை சாக்குக்கு அடியில் கிடந்தது.

"பாத்தியா தாயி, கொழைக்கு இன்னைக்கு வேலையே இல்ல. ஈ கூட எட்டிப் பாக்கல. இந்த மாதிரி சுறா நான் இந்தக் கடையைப் போட்ட நாள்ல இருந்து வித்ததில்ல."

மாயக்காள் தட்டிப் பார்த்தாள். தூக்கிப் பார்த்தாள். விளிம்பில் வைத்து நின்றாள். பக்கத்துக் கடை நெத்திலியில் ஈ கறுப்பாக மொய்த்திருந்தது. இங்கே ஒன்றுகூட இல்லை. துண்டங்களின் மேல் உப்பு மாவு போலப் பூத்திருந்தது.

"அது எப்படிக்கா ஒரு ஈ கூட வரல?"

"தூத்துக்குடி உப்பு அப்படி. வேணும்னா எடு, இல்லேன்னா தள்ளி நில்லு. பின்னால ஆளு நிக்கிது."

பின்னால் உண்மையிலேயே ஆள் நின்றது. எல்லாம் பெண்கள், எல்லாருக்கும் அந்த ஈ உட்காராத சுறாதான் வேண்டும். கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு மாயக்காள் நல்ல துண்டங்களாகப் பொறுக்கி வேட்டித் துணியில் முடிந்துகொண்டாள். பொழுது சாயும் நேரம் வழியில் எதுவும் அண்டாமல் இருக்க முடிச்சுக்குள் ஒரு கரித்துண்டும் போட்டுக்கொண்டாள்.

முத்துப்பேச்சிக்குத் தலைக்கு ஊற்ற நாள் பார்த்திருந்த அன்று காலையில், தெருமுனையில் தமுக்குச் சத்தம் கேட்டது. தமுக்கு அடிக்கிற நல்லகண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்.

"ஊராரு எல்லாரும் கேட்டுக்கங்க! போன கம்பம் சந்தையில வாங்கின பால்சுறாக் கருவாடு யாரு வீட்டுல இருந்தாலும், எந்தக் கடையில வாங்கினதா இருந்தாலும், யாரும் திங்கப்படாது! சமைச்சிருந்தாலும் திங்கப்படாது! நாயி, கோழிக்கும் போடப்படாது! எல்லாத்தையும் உச்சிக்குள்ள சாவடிக்குக் கொண்டாந்து குடுத்துறணும்! கொடுத்த காசு திரும்பக் கிடைக்கும்!"

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. வரி கேட்டுத் தமுக்கு அடித்திருக்கிறார்கள், அம்மை வந்தபோது அடித்திருக்கிறார்கள், கால்வாயில் தண்ணீர் விடுகிற நாளைச் சொல்லி அடித்திருக்கிறார்கள். விற்ற கருவாட்டைத் திருப்பிக் கேட்டு அடித்ததை யாரும் கேட்டதில்லை.

எதிர்வீட்டுக் கருத்தக்கண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டுச் சொன்னான். "தாலுகா கச்சேரியில எந்த அதிகாரி வீட்டுலயோ பிள்ளை பொறந்திருக்கும்யா. நம்ம பால்சுறாவைப் பிடுங்கி அங்கன கொண்டுபோகப் போறாக."

"உன் வீட்டுல இருக்கா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"இருந்துச்சு. தமுக்குச் சத்தம் கேட்டதும் காணாமப் போச்சு" என்று அவன் கண்ணடித்தான். தெரு சிரித்தது. நான்கைந்து பெண்கள் சிரித்தபடியே உள்ளே போய்ப் பானையை இடம் மாற்றி வைத்ததை மாயக்காள் கவனித்தாள். காசையும் கொடுத்துப் பண்டத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்றால் அந்தப் பண்டம் விலை ஏறப்போகிறது என்றுதான் அந்த ஊர் கணக்குப் போட்டது.

அவள் நல்லகண்ணுவை மறித்தாள். "ஏண்ணே, எதுக்காம்? என்ன ஆச்சாம்?"

"என்னைக் கேட்டா? சொல்லச் சொன்னாக, சொல்றேன். தமுக்குக்குக் காரணம் தெரிஞ்சா அது ஏன் தாயி என் கையால அடி வாங்குது?"

"சொன்னது யாரு?"

"சுகாதார இன்ஸ்பெக்டரு. சுயம்புலிங்கம்னு பேரு. கம்பத்துல இருந்து வில்லுவண்டியில வந்திருக்காக. கூடவே அந்தக் கருவாட்டுக்காரி மொக்கம்மாளும் வந்து உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டிருக்கா." அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குள் பொன்னாத்தாள் அடுப்பில் வெந்நீர்ப் பானையை ஏற்றிவிட்டிருந்தாள். தமுக்குச் சத்தம் அவள் காதிலும் விழுந்திருந்தது.

"எவன் தமுக்கு அடிச்சா எனக்கென்ன? எம்மகளுக்கு இன்னைக்குத் தலைக்கு ஊத்தி உச்சிக்குள்ள சுறா குடுக்கணும். இன்னைக்கு விட்டா அடுத்த நல்ல நாளு எப்பவோ. அதுவரைக்கும் பிள்ளை காத்தைக் குடிக்குமா?"

உள்ளே பிள்ளை அதையே தன் பாஷையில் கேட்டது.

"அத்தை, சர்க்காரு சும்மா ஒரு ஆளை வண்டி கட்டி அனுப்புமா? என்னவோ இருக்கு."

"இருக்கட்டும். எது கெட்டதோ அதைக் குடுத்துட்டா ஆச்சு. எடுத்துப் பாரு."

உறியில் இரண்டு முடிச்சு இருந்தது. ஒன்று மாயக்காள் வாங்கி வந்தது. இன்னொன்று, முத்துப்பேச்சியின் மாமியார் வீட்டார் கோம்பையிலிருந்து பிள்ளை பார்க்க வந்தபோது கொண்டு வந்தது. அதுவும் அதே சந்தையில் வாங்கியதுதான், வேறு கடையில். இரண்டையும் இறக்கி, முற்றத்து வெயிலில் முறத்தில் பிரித்து வைத்தார்கள். கோம்பை முடிச்சை அவிழ்த்ததுமே இரண்டு வண்டு ஓடியது. துண்டங்களை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தால் சல்லடை. கண்மூடித் திறப்பதற்குள் ஈ வந்து அப்பிக்கொண்டது. மாயக்காளின் முடிச்சிலிருந்த துண்டங்கள் கட்டை மாதிரி, துளை இல்லாமல், உப்புப் பூத்துச் சுத்தமாகக் கிடந்தன.

பொன்னாத்தாளின் முகம் மலர்ந்தது. "அன்னைக்கே சொன்னேனா இல்லையா? பிள்ளை பெத்தவளுக்குக் கொண்டு வர்ற பண்டமா இது? கோம்பைக்காரி கை எம்புட்டு தாராளம்னு இதுல தெரியுதுல்ல. சர்க்காருக்கே தெரிஞ்சு போச்சு, தமுக்கு அடிச்சு வாங்குறாக!"

படுக்கையிலிருந்து முத்துப்பேச்சியின் குரல் வந்தது. "ஆத்தா, என் மாமியா காதுல விழுந்தா உனக்கு நல்லாருக்கும்."

"விழட்டும்டி."

மாயக்காளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தமுக்கில் 'எல்லாத்தையும்' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் ஊருக்கெல்லாம் கருவாடு பார்த்துச் சொல்கிறவள், தன் கையால் பொறுக்கியதைக் கெட்டது என்று எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்? கெட்டது எது என்று கண்ணுக்கு முன்னால் வண்டு ஊர்ந்து காட்டுகிறது. கோம்பை முடிச்சை எடுத்துக்கொண்டாள். காரணம் என்னவென்று தெரிந்துகொண்டு வரலாம் என்ற ஆசைதான் அவளைச் சாவடிவரை வேகமாக நடக்க வைத்தது. வாசல் தாண்டும்போது, மாமியார் நல்ல துண்டங்களை வெந்நீரில் போடுகிற சத்தம் கேட்டது.

சாவடி முற்றத்தில் ஒரு ஓலைப்பாயை விரித்து அதன்மேல் சுறாத் துண்டங்களைக் குவித்திருந்தார்கள். குவியல் பெரிதாக இல்லை. கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சுயம்புலிங்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவயது, மெலிந்த ஆள், ராத்திரி தூங்காத கண். கொஞ்சம் தள்ளி மொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தையில் கேட்கிற குரலில் பாதிகூட இல்லை.

"கம்பத்துல ரெண்டு வீடு பெரியவரே" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் நின்ற கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வாந்தி, வயித்தால போறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது. காலரான்னு நெனச்சுத் தெருவையே காலி பண்ணப் பாத்தாங்க. ஆசுபத்திரி டாக்டர்தான், தண்ணி ஒரே கிணத்துத் தண்ணி, மத்த வீட்டுல ஏன் வரலைன்னு யோசிச்சார். ரெண்டு வீட்டுலயும் முந்தின நாள் சாப்பிட்டது என்னன்னு கேட்டார். ரெண்டு வீட்டுலயும் பிள்ளை பெத்தவ இருக்கா. ரெண்டு வீட்டுலயும் பால்சுறா."

"என்ன கெடுதலாம்யா அதுல?" என்று கிழவர் கேட்டார்.

"இன்னும் தெரியல. தெரியுற வரைக்கும் யாரும் திங்காம இருந்தாப் போதும். தெரிஞ்சதுக்கு அப்புறம் வாங்குறேன்னு உக்காந்திருந்தா அதுக்குள்ள நாலு வீட்டுல சமைச்சிருவாங்க."

தன் முறை வருவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. மாயக்காள் முடிச்சைக் குவியலுக்குப் பக்கத்தில் பாயில் வைத்து அவிழ்த்தாள். மொக்கம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். கண்ணீருக்கு நடுவிலும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது என் கடைக் கருவாடு இல்ல தாயி. எந்தப் பாவி வித்தானோ இதை. என் கருவாட்டுல இப்படி ஈ மொய்க்குமா?"

"உங்க கடைன்னு நான் சொன்னேனா? உங்கது வீட்டுல இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "இந்தாம்மா, வாங்கினது எல்லாம் இதுதானா?"

"கெட்டது இதுதான்யா."

"கெட்டது எதுன்னு நான் கேக்கல. வாங்கினது எல்லாம் இதுதானான்னு கேட்டேன்."

மாயக்காள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கண் பாயில் விழுந்தது. கோம்பைத் துண்டங்களைச் சுற்றி ஈ கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி, அதே பாயில், அதே வெயிலில் அந்தக் குவியல் கிடந்தது. அதன்மேல் ஒரு ஈ இல்லை. பறந்து வந்த ஈ ஒன்று குவியலின் ஓரத்தில் இறங்கியது, உடனே எழும்பி இந்தப் பக்கம் வந்துவிட்டது. கம்பத்தில் இரண்டு வீட்டைச் சாய்த்தது எதுவோ அதைத்தான் இந்தப் பாயில் குவித்திருக்கிறார்கள். அதை ஈ தொடவில்லை.

"அய்யா, அங்கன ஏன் ஈ போக மாட்டேங்குது?"

சுயம்புலிங்கம் அவள் கை காட்டிய பக்கம் பார்த்தார். பிறகு ஒரு குச்சியால் குவியலிலிருந்து ஒரு துண்டத்தைப் புரட்டி, மேலே பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தார். "காலையில இருந்து இதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "எல்லாரும் இதை உப்புன்னுல்ல நெனச்சோம்."

மொக்கம்மாளுக்கும் புரிந்துவிட்டது. "அய்யோ, கொழைக்கு வேலை இல்லன்னு ஊரெல்லாம் சொல்லி வித்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மாயக்காள் அதற்குள் தெருவில் இருந்தாள். கூடலூரில் கல்யாணம் ஆன பெண் தெருவில் ஓடினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். உச்சி வெயிலில் தெருப் புழுதி காலைச் சுட்டது. அவளுக்கு ஒரே நினைப்புதான்: தலைக்கு ஊற்றி முடித்திருப்பார்கள். சோறு போட்டிருப்பார்கள். நான் பொறுக்கியது.

வீட்டுக்குள் பூண்டு வதங்கிய மணம் வாசல்வரை வந்தது. முத்துப்பேச்சி ஈரத் தலையோடு, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் வட்டிலில் சோறும், உதிர்த்து வதக்கிய சுறாவும். வலது கையில் ஒரு கவளம் பிசைந்து உருட்டியிருந்தாள். மாயக்காள் அந்தக் கையை ஓங்கித் தட்டினாள். கவளம் சுவரில் போய் விழுந்தது. பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

பொன்னாத்தாள் அகப்பையோடு வந்தாள். "அடிப் பாதகத்தி! பிள்ளை பெத்தவ வாய்ச் சோத்தைத் தட்டி விடுறியா? உனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருச்சா?"

மாயக்காளுக்கு மூச்சு வாங்கியது. "ஈ... அத்தை, அதுல ஈ உக்காரல..."

"ஈ உக்காரலேன்னா நல்லதுதானடி! நீதானடி ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவ!"

"நல்லது இல்ல. தொட்டா செத்துருவோம்னு ஈக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல." அவள் முத்துப்பேச்சியின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். "வாயில வச்சியா? ஒரு வாயாவது தின்னியா?"

"எங்கன மதினி திங்க விட்டான்? தட்டு முன்னால உக்காந்ததுல இருந்து பாலுக்குக் கத்திக்கிட்டே கெடந்தான். இப்பத்தான் உருட்டினேன்."

மாயக்காள் வட்டிலை எடுத்துத் தள்ளி வைத்தாள். அப்போதுதான் பொன்னாத்தாளின் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள். அதன் நுனியில் சுறாத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"அத்தை, நீங்க?"

"நான் என்ன? உப்புப் பாக்க ஒரு விள்ளல் போட்டேன். உப்புப் பாக்காம இறக்கச் சொல்றியா?" என்றாள் பொன்னாத்தாள். சொல்லிவிட்டு அகப்பையை ஒரு பார்வை பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணு தண்ணியில அலசினேன். அவிச்சேன். வதக்கினேன். அம்புட்டுத் தீயில என்னடி இருக்கப் போகுது?"

இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். முதலில் முத்துப்பேச்சியைக் கை கழுவச் சொன்னார். பொன்னாத்தாளை வில்லுவண்டியில் ஏற்றிக் கம்பம் ஆசுபத்திரிக்கு அனுப்பச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் செய்யல. நான் எதுக்கு வண்டியில போறேன்?" என்று பொன்னாத்தாள் சண்டை போட்டாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவளுக்குக் குமட்டல் எடுத்தது என்று கூடப் போன கோட்டைச்சாமி பிறகு சொன்னான். ஆசுபத்திரியில் அன்று பொழுதும் மறுநாளும் படுத்திருந்து, முகம் வற்றி, ஆனால் வாய் வற்றாமல் திரும்பி வந்தாள். ஒரு விள்ளலுக்கே அவ்வளவு. முத்துப்பேச்சிக்கு வட்டில் முழுக்கப் போட்டு வைத்திருந்தார்கள்.

வண்டி போன பிறகு இன்ஸ்பெக்டர் சமைத்த சட்டியைக் காட்டச் சொன்னார். எட்டிப் பார்க்க வந்த கருத்தக்கண்ணன், "கழுவிட்டுக் கொல்லையில கொட்டுனா ஆச்சுங்களா?" என்றான்.

"கொல்லையில கொட்டினா கோழி கிண்டும். கோழியை நீ திம்பே. கால்வாயில கொட்டினா கீழ இருக்கிற ஊர் குடிக்கும்" என்றார் அவர். "சட்டியோட போகட்டும். மண் சட்டி உறிஞ்சி வச்சிருக்கும், எத்தனை தேச்சாலும் போகாது."

அந்தச் சட்டி பொன்னாத்தாள் வருஷக்கணக்கில் பழக்கிய குழம்புச் சட்டி. அவள் வீட்டில் இல்லாததும் நல்லதாகப் போயிற்று. கிணற்றையும் கால்வாயையும் விட்டுத் தள்ளி, சுடுகாட்டுப் பக்கத்துப் பொட்டலில் ஆழமாகக் குழி வெட்டி, சாவடிக் குவியல், கோம்பை முடிச்சு, வட்டில் சோறு, சட்டி, முடிந்து வந்த துணி எல்லாவற்றையும் போட்டு, மேலே மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் கொட்டி மூடினார்கள். வண்டு வைத்த கோம்பைக் கருவாட்டில் ஒரு கெடுதலும் இல்லாமல் இருந்திருக்கலாம். இன்ஸ்பெக்டர் அதையும் சேர்த்துத்தான் போட்டார். எது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கப் போய்த்தான் இந்தப் பாடு என்று மாயக்காளுக்கும் தெரிந்திருந்ததால் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பொன்னாத்தாள் வண்டியில் போன செய்தி தமுக்கைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. சாயங்காலத்துக்குள் இடம் மாறிய பானைகளெல்லாம் திறந்தன. காணாமல் போன கருத்தக்கண்ணன் வீட்டுச் சுறா, வைக்கோல் படப்புக்குள்ளிருந்து கிடைத்தது. மொக்கம்மாள் தெருத்தெருவாக நடந்து, முகம் முகமாக நினைவு வைத்து, "தாயி, நீ ஒரு பெரிய துண்டம் வாங்குனியே, உன் அக்கா மகளுக்குன்னு சொன்னியே, அவ எந்த ஊரு?" என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள். விற்கும்போது எப்படிக் கூவினாளோ அதே குரலில் கூவித்தான் திருப்பிக் கேட்டாள்.

காரணம் தெரிய மேலும் சில நாள் ஆனது. மாயக்காள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது அவர்தான் சொன்னார். தேனி ஸ்டேஷனில் ரயிலில் வந்து இறங்கிய கருவாட்டுச் சிப்பங்களை ஏற்றிய வண்டி, பலவேசம் என்பவனுடையது. அதே வண்டியில் மலைமேல் உள்ள ஒரு எஸ்டேட்டுக்குப் போகிற மூட்டைகளும் இருந்தன. வீட்டு மரத்தில் கரையான் ஏறாமல் பூசுகிற மருந்து. வெள்ளைப் பாஷாணம் கலந்தது. ஒரு மூட்டையில் ஓட்டை.

"கொட்டினது தெரியலையா அவனுக்கு?"

"தெரிஞ்சிருக்கு. வண்டிப் பலகையில வெள்ளையாக் கெடந்ததைப் பாத்து, கருவாட்டுல இருந்து உப்புக் கொட்டிருச்சுன்னு நெனச்சிருக்கான். அடுத்தவன் சரக்கு குறையக் கூடாதுன்னு கையால அள்ளி, மறுபடியும் சிப்பத்துலயே தூவி, பாயை இழுத்துக் கட்டியிருக்கான்." என்ற சுயம்புலிங்கம் மேலும் சொன்னார். "கேட்டப்ப அழுதுட்டான். நாணயமான ஆளு."

அதற்குப் பிறகு பல வாரம் மொக்கம்மாளின் இடம் வேப்பமரத்தடியில் காலியாகக் கிடந்தது. அவள் மறுபடி கடை போட்ட சந்தைக்கு மாயக்காளும் போயிருந்தாள். முத்துப்பேச்சி புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது. முருங்கைக் கீரையும் பூண்டும் பால் சோறும் தின்று பால் மெல்ல மெல்லத்தான் இறங்கியது. பிள்ளை இப்போது தூக்க முடியாத கனம். அவித்த சுறாவின் மணம் மூக்கில் ஏறியதால்தான் பால் வந்தது என்று பொன்னாத்தாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மையாக இருக்குமோ, சுறா இல்லாமலே வந்திருக்குமோ என்று மாயக்காள் யோசித்துப் பார்த்தாள். கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

கருவாட்டுக் கடைகளில் அன்றைக்குப் புதிதாக ஒன்று நடந்துகொண்டிருந்தது. கூடலூர்ப் பெண்கள் துண்டத்தைத் தட்டவில்லை, வெயிலுக்குத் தூக்கவில்லை. கூடை விளிம்பில் வைத்துவிட்டு ஈக்காகக் காத்திருந்தார்கள். ஈ வந்து அப்பிய பிறகுதான் விலையே கேட்டார்கள். மொக்கம்மாளின் கையில் வேப்பங்குழை இல்லை.

"கொழை எங்கக்கா?"

"வீட்டுல போட்டுட்டு வந்துட்டேன் தாயி. ஈயை விரட்டினா ஆளும் போயிருது. இங்கன பாரு, எம்புட்டு ஈ! தின்னா ஒண்ணும் செய்யாத கருவாடு!"

மாயக்காள் ஒரு துண்டத்தை எடுத்துத் தட்டினாள். ஈரம் உள்ளே சொதசொதத்தது. கெட்டுப்போய்க்கொண்டிருந்த துண்டம். மூன்று பெண்கள் அதைத்தான் வாங்கக் காத்திருந்தார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்தாள்.

"அக்கா, இது எந்த வண்டியில வந்துச்சு?"

"ஏன்? பலவேசம் வண்டிதான். வேற யாரு இருக்கா?"

"வண்டியில கூட என்னென்ன ஏத்தியிருந்துச்சு?"

மொக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மாட்டுக்குப் பேரு என்னன்னும் கேளேன்."

"அதையும் சொல்லுங்க" என்றாள் மாயக்காள், நகராமல். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.